வாங்குபவர் தரும் கூரியர் கணக்கில் பொருளை அனுப்பலாமா?

கேள்வி, மார்ச் 4

பழுதுபார்த்த மின்னணு அளவுகருவிகளை இணையத்தில் விற்று வருகிறேன். ஓர் ஆசிலாஸ்கோப்பை வாங்க முன்வந்தவர் முழு விலையையும் பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகச் செலுத்திவிட்டார். அதன் பிறகு, தம் நிறுவனத்திற்குக் கூரியரில் பெரிய தள்ளுபடி இருப்பதாகவும், தம் கணக்கு எண்ணிலேயே அனுப்பிவிடும்படியும் எழுதியிருக்கிறார். அனுப்பும் செலவு எனக்கு இல்லை. பணமும் கைக்கு வந்துவிட்டது. வழியில் தொலைந்தாலும் அது அவரே தேர்ந்தெடுத்த கூரியர். ஆகவே இதில் நான் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். என் கணிப்பு சரிதானா?

பதில், மார்ச் 4, மாலை

சரியில்லை. அனுப்ப வேண்டாம்.

கூரியர் கணக்கை, செலவு யாருடையது என்ற கேள்வியாக மட்டும் நீங்கள் பார்க்கிறீர்கள். பார்சல் வண்டியேறிய பிறகு கூரியர் நிறுவனம் யார் சொல்லைக் கேட்கும், யாரிடம் விவரங்களைத் தரும் என்பதையும் பெரும்பாலும் அந்தக் கணக்கே தீர்மானிக்கிறது. கணக்குக்கு உரியவர் பார்சல் வழியில் இருக்கும்போதே முகவரியை மாற்றச் சொல்லலாம். கிளையில் நிறுத்திவைக்கச் சொல்லி நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். உங்களிடம் யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைப் பாருங்கள். பேபாலில் ஒரு முகவரி பதிவாகியிருக்கும். நீங்களும் அதே முகவரியை எழுதித்தான் அனுப்புவீர்கள். இரண்டு நாளில் பார்சல் வேறொரு முகவரிக்குத் திருப்பப்பட்டு, அங்கே ஒருவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்வார். பிறகு வாங்கியவர் பேபாலிடம் பொருள் வரவில்லை என்று புகார் செய்வார். பதிவான முகவரியில் பொருள் சேர்ந்ததற்கான சான்றைப் பேபால் உங்களிடம் கேட்கும்போது, உங்கள் கையில் இருப்பது வேறு இடத்தில் சேர்ந்ததற்கான சான்றாக இருக்கும். இப்படிப்பட்ட புகார்களில் விற்பவரின் பணத்தைக் காக்கப் பேபால் தரும் விற்பவர் பாதுகாப்பு அந்த இடத்திலேயே அற்றுப்போகிறது. பொருளும் போய்விடும், பணமும் போய்விடும். இது மிகப் பழகிப்போன வழி என்பதால்தான், வாங்குபவரின் கூரியர் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள், அவர் அனுப்பும் லேபிளையும் ஏற்காதீர்கள் என்று பேபாலே விற்பவர்களை எச்சரிக்கிறது.

பணம் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பேபாலில் பணம் செலுத்தியவர் 180 நாள்கள் வரை புகார் எழுப்பலாம். அவர் பேபாலின் பின்னால் கடன் அட்டையைப் பயன்படுத்தியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியின் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு மேலும் தனியாக உண்டு. உங்கள் கணக்கில் தெரியும் தொகை இன்னும் பல மாதங்களுக்கு உங்களுடையதாக உறுதிப்படாத தொகை.

மார்ச் 5, காலை

நேற்று எழுதியதில் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். "வாங்குபவரின் கணக்கு" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் நடக்கின்றன. மூன்றிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை.

முதலாவதில் வாங்குபவர் கணக்கு எண்ணை மட்டும் தருகிறார். லேபிளை நீங்களே உங்கள் கணக்கிலிருந்து உருவாக்கி, கட்டணம் செலுத்துபவர் என்ற இடத்தில் மட்டும் அவருடைய எண்ணை இடுகிறீர்கள். அனுப்புநர் நீங்கள்தான் என்பது கூரியரின் பதிவில் இருக்கும். மூன்றில் இதுவே குறைந்த தீமை. இரண்டாவதில் அவரே லேபிளைத் தயாரித்து உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார். நீங்கள் அச்சிட்டு ஒட்டுகிறீர்கள். கூரியரின் கணினியில் உங்களுக்கு எந்த இடமும் இல்லை; அனுப்புநர் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதுகூட அவர் விருப்பம்தான். மூன்றாவதில் அவர் ஏற்பாடு செய்த ஆள் உங்கள் வாசலுக்கே வந்து பெட்டியை எடுத்துப்போகிறார். வருபவர் அடையாள அட்டை அணிந்த கூரியர் ஊழியராகவே இருந்தாலும், டிராக்கிங் எண் உள்ள ரசீதை அவர் தராவிட்டால் பொருளை நீங்கள் ஒப்படைத்ததற்கே சான்று இல்லை.

இரண்டாவது வகையைப் பற்றி இன்னும் கொஞ்சம். லேபிளில் நாம் வாசிக்கும் முகவரி மனிதர்களுக்கானது. தரம்பிரிக்கும் இயந்திரம் வாசிப்பது குறியீட்டை. யூபிஎஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் லேபிளில், நடுவே வட்டங்கள் கொண்ட ஒரு சிறிய புள்ளிச் சதுரம் இருக்கும். மேக்சிகோட் எனப்படும் அதில் அஞ்சல் குறியீடும் நாட்டின் குறியும் சேவை வகையும் அடங்கியிருக்கின்றன. இன்னொரு கூரியரான ஃபெடெக்ஸின் லேபிளில் அடர்ந்த கோடுகளாகத் தெரியும் பிடிஎஃப்417 குறியீட்டில் முகவரி விவரங்களும் உண்டு. வாங்குபவர் அனுப்பும் லேபிள் வெறும் பிடிஎஃப் கோப்பு. அதில் எழுத்தில் உள்ள முகவரியை மாற்றிவிட்டுக் குறியீட்டை அப்படியே விட்டுவைப்பது கடினமான வேலை அல்ல. நீங்கள் எழுத்தைச் சரிபார்த்து நிம்மதியாக ஒட்டுவீர்கள். இயந்திரம் தன் குறியீட்டின்படி வேறு ஊருக்கு அனுப்பிவைக்கும்.

மார்ச் 5, இரவு

லேபிள் போலியாகவே இருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திருட்டு அட்டையில் வாங்கிய லேபிள்களும், பணமே செலுத்தாமல் உருவாக்கிய போலி லேபிள்களும் உண்மையாகவே புழங்குகின்றன. அமெரிக்க அஞ்சல் துறை 2023இல் தன் விதியைத் திருத்தி, போலி அஞ்சல் கட்டணம் ஒட்டிய பார்சல்களைக் கைவிடப்பட்ட பொருளாகக் கருதும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட பார்சல் அனுப்பியவருக்குத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. லேபிளை வேறொருவர் தந்தார் என்பது அங்கே எடுபடும் பதில் அல்ல.

மார்ச் 7

"வாங்குபவரே கூரியரை நியமித்தால் சட்டப்படி ஆபத்து வாங்குபவருடையது, நீங்கள் தேவையில்லாமல் அச்சுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் சட்டம் உண்மையானது என்பதால் இதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறியாணையில் 20ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். பொதுவாகப் பொருள் நுகர்வோரின் கைக்குப் போய்ச் சேரும் வரை தொலைவதும் உடைவதும் விற்பவரின் பொறுப்பு. ஆனால் நுகர்வோர் தாமே ஒரு கூரியரை அமர்த்தி, அந்தக் கூரியர் விற்பவர் முன்வைத்த தெரிவுகளில் ஒன்றாக இல்லாவிட்டால், கூரியரிடம் ஒப்படைத்த கணத்திலேயே பொறுப்பு நுகர்வோருக்கு மாறிவிடுகிறது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அதற்கும் முன்பே, பிரிட்டனின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும், அதைப் பின்பற்றி எழுந்த இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவும், விற்பனை ஒப்பந்தப்படி சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைப்பதை, மாறாக எதுவும் காட்டப்படாத வரை, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்கின்றன.

ஐரோப்பிய, பிரிட்டிஷ் சட்டங்களில் உள்ள அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். கூரியர் விற்பவர் முன்வைத்த தெரிவாக இருக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தில் "உங்கள் கூரியர் கணக்கிலும் அனுப்புவோம்" என்று ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தெரிவுப்பட்டியலில் வைத்துவிட்டால், அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்தவர் ஆகக்கூடும். வாடிக்கையாளருக்கு வசதி செய்கிறோம் என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கட்டும். பணம் யார் கையில் இருக்கிறது? பேபாலும் விசா போன்ற அட்டை வலையமைப்புகளும் இந்தப் பிரிவுகளைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதில்லை; தங்கள் விதிப் புத்தகத்தைப் பார்க்கின்றன. விசாவின் விதிகளில் 13.1 என்ற எண்ணுடைய காரணம், பொருள் வந்து சேரவில்லை என்ற புகாருக்கு உரியது. அதற்கு விற்பவர் தரவேண்டிய அடிப்படைப் பதில், ஒப்புக்கொண்ட இடத்தில் பொருள் சேர்ந்தது என்பதற்கான ஆவணம். கூரியரை அமர்த்தியவர் அவர்தான், சட்டப்படி என் கடமை வாசலிலேயே முடிந்தது என்று எழுதினால் அந்த வாதத்தை எடைபோட அங்கே நீதிபதி யாரும் இல்லை. பணம் முதலில் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். பிறகு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியவர்மேல் நீங்கள் வழக்குத் தொடரலாம். பார்சலை நடுவழியில் திருப்பிக்கொண்டு மறைந்துபோனவரை எந்த நீதிமன்றத்துக்கு அழைப்பீர்கள்? அவருடைய உண்மையான பெயர்கூட உங்களுக்குத் தெரியாது.

சட்டத்தை அறிந்திருப்பது நல்லது. ஆனால் இந்த வகை விற்பனையில் அதை நம்பிப் பொருளை ஒப்படைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 8

சான்றைப் பற்றிப் பேசும்போது நான் நேரில் கண்டதைச் சொல்ல வேண்டும். நானும் பல ஆண்டுகளாக அளவுகருவிகளை விற்பவன்தான்.

ஒரு சிறு நிறுவனம் தன் கணக்கில் உருவாக்கிய லேபிளை அனுப்பி, ஒரு பவர் சப்ளையை என்னிடமிருந்து வாங்கியது. ஏமாற்றுக்காரர்கள் அல்லர், கட்டடத்தில் இரண்டு நிறுவனங்கள் இருந்ததால் பெட்டி பக்கத்துக் கதவுக்குப் போயிருக்கிறது. பொருள் வரவில்லை என்று அவர்கள் சொன்னதும் டிராக்கிங் பக்கத்தைத் திறந்தேன். "ஒப்படைக்கப்பட்டது" என்ற சொல்லும், ஊரின் பெயரும், நேரமும், கையெழுத்திட்டவரின் பெயரில் முதலெழுத்தும் மட்டும் இருந்தன. தெரு, கதவு எண், கையெழுத்தின் படம் எதுவும் இல்லை. கூரியர் நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது, கணக்கு எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். என்னிடம் இல்லை. கட்டணம் செலுத்தும் கணக்குக்கு உரியவருக்கு மட்டுமே முழு விவரத்தைத் தர முடியும் என்று மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள். நான் கட்டிய பெட்டி, என் கையால் ஒப்படைத்த பெட்டி, அது எந்தக் கதவைத் தட்டியது என்று கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

வாங்கியவர் நேர்மையானவராக இருந்ததால் அவரே விவரத்தை வாங்கிப் பக்கத்து நிறுவனத்திலிருந்து பெட்டியை மீட்டுக்கொண்டார். அவர் புகார் செய்பவராக இருந்திருந்தால், எனக்கு எதிரான வழக்கில் எனக்குத் தேவையான ஒரே ஆவணம் எதிராளியின் அலமாரியில் பூட்டப்பட்டிருந்திருக்கும்.

தொகை கூடும்போது இது இன்னும் கடுமையாகிறது. மொத்தத் தொகை 750 அமெரிக்க டாலரை எட்டினால், வெறும் ஒப்படைப்புப் பதிவு போதாது, கையெழுத்துடன் கூடிய உறுதிப்பாடு வேண்டும் என்பது பேபாலின் விதி. லேபிளை அவர் தயாரித்தால், கையெழுத்துச் சேவையைத் தேர்ந்தெடுப்பதும் விடுவதும் அவர் கையில். அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் நீங்கள் ஒப்படைக்கும் நேரத்தில் கவனிக்கவேமாட்டீர்கள். உங்கள் ஆசிலாஸ்கோப்பின் விலையை நீங்கள் எழுதவில்லை; நல்ல கருவியாக இருந்தால் இந்த எல்லையைத் தாண்டியே இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

மார்ச் 10

அனுப்பும் செலவு எனக்கு இல்லை என்ற வரிக்கும் ஒரு திருத்தம் தேவை.

கட்டணம் பெறுநருடையது அல்லது மூன்றாம் தரப்பினருடையது என்று குறித்து அனுப்பினாலும், அவர்கள் செலுத்த மறுத்தால் இறுதிப் பொறுப்பு அனுப்புநருடையது என்று யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டின் நிபந்தனைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு எண் செல்லாததாக இருந்தாலோ, கணக்குக்கு உரியவர் மறுத்தாலோ யூபிஎஸ் அதற்கென்று தனிக் கட்டணமும் விதிக்கிறது. சுங்க வரியைப் பெறுநர் செலுத்தாமல் விட்டால் அதுவும் அனுப்புநரைத் தேடி வரக்கூடும்.

வாங்குபவர் தந்த எண் அவருடையதுதானா என்பது அடுத்த கேள்வி. கூரியர் கணக்கு எண் என்பது கடவுச்சொல் அல்ல. பழைய லேபிள்களிலும் இன்வாய்ஸ்களிலும் அச்சாகிக் குப்பைக்குப் போகும் எண். யாரோ ஒரு பெரிய நிறுவனத்தின் எண்ணை எடுத்துத் தம்முடையது என்று உங்களிடம் தருவார்கள். அந்த நிறுவனத்தின் கணக்காளர் மாத இறுதியில் பட்டியலைப் பார்க்கும்போது, தமக்குத் தெரியாத ஓர் அனுப்புநரின் பெயரைக் காண்பார். அது உங்கள் பெயர். அவர் மறுப்பார், கூரியர் நிறுவனம் முழுக் கட்டணத்தை, அந்த நிறுவனத்தின் தள்ளுபடி எதுவும் இல்லாமல், உங்களிடம் கேட்கும். திருட்டு எண்ணைப் பயன்படுத்தியவர் நீங்கள் அல்ல என்று விளக்கும் சுமையும் உங்கள்மேல் விழும்.

பெட்டியின் அளவும் சண்டையை உண்டாக்கும். விமானக் கூரியர்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது பொதுவான வழக்கம். 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டி 7.2 கிலோவாகக் கணக்கிடப்படும். உள்ளே இருக்கும் கருவி 3 கிலோவே இருந்தாலும் அப்படித்தான். ஆசிலாஸ்கோப்புக்கு நுரை வைத்துப் பெரிய பெட்டியில் கட்டாவிட்டால் திரை உடையும். கட்டினால், நீங்கள் வேண்டுமென்றே கட்டணத்தைக் கூட்டிவிட்டீர்கள் என்று வாங்குபவர் குறை சொல்வார். உங்கள் கணக்கில் அனுப்பினால் இந்தப் பேச்சே எழாது.

மார்ச் 11

மீண்டும் படித்துப் பார்க்கும்போது, நான்காம் தேதி எழுதிய "அனுப்ப வேண்டாம்" என்பதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது. கேள்வி கேட்டவரின் நிலைமைக்கு அந்தப் பதில் சரியானது. நான் அதை மாற்றவில்லை. ஆனால் தம் கூரியர் கணக்கைத் தரும் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று சொல்வது நியாயமன்று.

பல்கலைக்கழக ஆய்வகங்கள், மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள், பெரிய தொழிற்சாலைகள் ஆகியவற்றுக்குக் கூரியர் நிறுவனங்களோடு ஆண்டு ஒப்பந்தம் இருக்கும். எந்தத் துறையின் செலவுத் தலைப்பில் எழுதுவது என்பதற்காகவே தங்கள் கணக்கில் வரவேண்டும் என்பார்கள். சிலருக்குச் சுங்க முகவர் ஏற்கெனவே அந்தக் கூரியரோடு இணைந்திருப்பார். என்னிடம் திரும்பத் திரும்ப வாங்கும் நல்ல வாடிக்கையாளர்களில் சிலர் இப்படிப்பட்டவர்களே. அவர்களை இழக்க நான் விரும்பவில்லை. நீங்களும் இழக்கத் தேவையில்லை.

இவர்களை வேறுபடுத்திக் காட்டுவது பேச்சின் இனிமை அல்ல, வேலை நடக்கும் முறை. கொள்முதல் ஆணை வரும். அதில் ஒரு எண்ணும், பொறுப்பாளரின் பெயரும், பில் அனுப்பவேண்டிய முகவரியும், பொருள் சேரவேண்டிய முகவரியும் தனித்தனியாக இருக்கும். அவசரப்படுத்தமாட்டார்கள், சொல்லப்போனால், நம் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாகவே நடப்பார்கள். கூரியர் கணக்கு பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே வந்துவிடும். உங்கள் வாங்குபவரைப் போலப் பணத்தைச் செலுத்திய பிறகு நினைவுக்கு வராது. மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை நான் நம்புவதில்லை. அந்த நிறுவனத்தின் பொது எண்ணை நானே தேடி எடுத்து, வரவேற்பில் கேட்டு, கொள்முதல் பிரிவில் அந்தப் பெயருடையவரோடு பேசிய பிறகே அடுத்த அடி வைப்பேன். உண்மையானவர்கள் யாரும் இதற்காக வருத்தப்பட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் வரும் வழி. கூரியரின் கடிவாளத்தை அவரிடம் தருகிறேன் என்றால், பணத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் கயிறு அவரிடம் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரே வைத்திருக்கும் விற்பனையை நான் செய்வதில்லை. ஆகவே இப்படிப்பட்டவர்களிடம் வங்கிப் பரிமாற்றத்தை மட்டுமே ஏற்கிறேன். தொகை வரவாகிவிட்டதை என் வங்கியின் பக்கத்தில் நானே பார்த்த பிறகுதான் பெட்டியைக் கட்டுகிறேன். வங்கி வழி என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. ஐரோப்பாவின் யூரோ வங்கிப் பரிமாற்ற முறையான செபாவில், பணம் பெறுபவரே செலுத்துபவரின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் நேரடிப் பற்றின் அடிப்படை (கோர்) வகையாக இருந்தால், செலுத்தியவர் காரணமே சொல்லாமல் 8 வாரத்துக்குள் திரும்பப் பெறலாம். காசோலைத் தொகை கணக்கில் தெரிந்த பிறகும் போலி என்று திரும்பிவிடலாம். வாங்குபவர் தாமே தம் வங்கிக்கு ஆணையிட்டு அனுப்பும் பரிமாற்றம் மட்டுமே இதற்குப் பொருந்தும்.

மார்ச் 14

உடைந்துபோனால் இழப்பீட்டை யார் கேட்பது என்ற கேள்விக்கு:

மதிப்பை அறிவிக்காமல் அனுப்பும் பார்சலுக்கு, யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டிலும் அமெரிக்கச் சேவை நிபந்தனைகளின்படி நிறுவனத்தின் பொறுப்பு 100 டாலருக்கு மேல் போகாது. அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் அந்த உச்சவரம்பு உயரும். அது காப்பீடு அல்ல, நிறுவனத்தின் பொறுப்பின் எல்லை மட்டுமே. வாங்குபவர் தம் கணக்கில் லேபிள் தயாரிக்கும்போது இந்தக் கூடுதல் கட்டணத்தை மிச்சப்படுத்தவே பார்ப்பார். பல நிறுவனங்களுக்குத் தனியாகப் பொதுக் காப்பீடு இருப்பதால் அவர்கள் தரப்பில் அது நியாயமான சிக்கனம்தான். ஆனால் அந்தக் காப்பீட்டின் பயனாளி அவர், நீங்கள் அல்ல.

நான் செய்வது இது. கருவியின் வரிசை எண் தெரியும்படி ஒரு படம், மின்னோட்டம் தந்து திரை ஒளிரும்போது ஒரு படம், பெட்டிக்குள் நுரையோடு ஒரு படம், மூடிய பெட்டி எடைத்தட்டில் இருக்கும்போது ஒரு படம் எடுத்துவைக்கிறேன். கூரியர் ஊழியர் தம் கருவியால் லேபிளை வருடிய பிறகு ஒப்படைப்பு ரசீதைக் கேட்டு வாங்குகிறேன். சில ஊழியர்கள் அவசரத்தில் தராமல் போவார்கள்; அப்போது பெட்டியைக் கொடுக்காமல், கிளைக்கே எடுத்துச்சென்று ரசீதோடு ஒப்படைக்கிறேன். வாங்குபவரின் கணக்கில் போகும் பெட்டியில், நான் ஒப்படைத்தேன் என்பதற்கு அந்தச் சிறு தாளைத் தவிர என்னிடம் வேறெதுவும் மிஞ்சாது.

மார்ச் 15

எல்லை தாண்டி விற்பவர்களுக்குச் சில சொற்கள். இது நீளமாகப் பேசவேண்டிய விஷயம். இந்த இழைக்குத் தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

வாங்குபவரே கூரியரை நியமிக்கும் விற்பனைக்கு, செலவும் ஆபத்தும் எப்போது யாருடையவை என்று வகுக்கும், சர்வதேச வணிகக் கழகத்தின் இன்கோடெர்ம்ஸ் 2020 தொகுப்பில் உள்ள 11 விதிகளில் எஃப்சிஏ என்பது பொருந்தும். குறித்த இடத்தில், வாங்குபவர் நியமித்த கூரியரிடம் ஒப்படைத்ததும் ஆபத்து அவருக்கு மாறுகிறது. ஏற்றுமதிச் சுங்க வேலையை விற்பவர் செய்கிறார். பலர் பழக்கத்தால் ஈஎக்ஸ்டபிள்யூ என்ற இன்னொரு விதியை எழுதிவிடுகிறார்கள். அதில் ஏற்றுமதி வேலையும் வாங்குபவரின் பொறுப்பாகிறது. வேறு நாட்டில் இருப்பவர் உங்கள் நாட்டின் சுங்கத்தில் ஏற்றுமதியாளராக நிற்க முடியாமல் போகலாம். பொருள் நாட்டை விட்டு வெளியேறியதற்கான ஆவணமும் உங்களிடம் வந்து சேராது. அந்த ஆவணம் இல்லாவிட்டால் ஏற்றுமதி என்று சொல்லி வரி வசூலிக்காமல் விற்றதை வரித்துறையிடம் நிரூபிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்கும்போது, வாங்குபவரே போக்குவரத்தை ஏற்பாடு செய்திருந்தால், 2020 முதல் நடைமுறைக்கு வந்த சான்று விதிப்படி, பொருளைத் தாமோ தம் சார்பில் வேறொருவரோ கொண்டுசென்றதாக வாங்குபவர் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தரும் எழுத்துப்பூர்வமான அறிக்கையும் கூடுதலாக வேண்டும். போக்குவரத்தை நீங்களே செய்திருந்தால் அந்த அறிக்கை தேவையில்லை. கணக்கு யாருடையது என்பது வரித்துறை வரை நீள்கிறது.

எஃப்சிஏ என்று இன்வாய்ஸில் எழுதினால் பேபால் புகாரிலிருந்து தப்பலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஏழாம் தேதி சட்டத்தைப் பற்றி எழுதியதே இதற்கும் பதில். அது இரு வணிகர்களுக்கு இடையிலான ஒப்பந்தம். பணம் செலுத்தும் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது.

மின்கலம் உள்ள கருவிகளை விற்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். லித்தியம் அயனி மின்கலம் கருவிக்குள் இருந்தாலோ கருவியோடு சேர்த்துக் கட்டியிருந்தாலோ, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் வரிசையில் அது யூஎன் 3481. தனி மின்கலமாக இருந்தால் யூஎன் 3480. தனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கணக்கு வாங்குபவருடையதாக இருந்தாலும், லேபிளில் உள்ளடக்கத்தை அவரே "மின்னணு உதிரிகள்" என்று நிரப்பியிருந்தாலும், பெட்டியைக் கட்டி ஒப்படைக்கும் அனுப்புநர் நீங்கள். அறிவிக்காமல் விட்ட குற்றமும் உங்களைத்தான் சேரும். சுங்க மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்பவர்களுக்கும் என் பதில் இதே காரணத்தால் மறுப்புதான். இன்வாய்ஸில் இருப்பது என் கையெழுத்து.

மார்ச் 18

சரக்கைப் பெற்று வேறு நாட்டுக்கு மாற்றி அனுப்பும் இடைநிலைக் கிடங்கின் முகவரி தந்தால்? அது வேறு விஷயம். அந்த முகவரியே பரிவர்த்தனையில் பதிவாகியிருந்து, உங்கள் கணக்கில் நீங்கள் அனுப்பி, கிடங்கு கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டால், உங்கள் சான்று முழுமையானது. அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போன பொருளுக்கு ஈபே விற்பனைத் தளத்தின் பணம் திரும்பத் தரும் உத்தரவாதமும் பொருந்துவதில்லை. ஆனால் திருட்டு அட்டையில் வாங்குபவர்களும் இந்தக் கிடங்குகளையே விரும்புகிறார்கள். பொருள் சேரவில்லை என்ற புகாருக்கு எதிராகத்தான் உங்கள் சான்று நிற்கும். அட்டையின் உண்மையான சொந்தக்காரர் எழுப்பும் புகாருக்கு எதிராக அது போதாமல் போகலாம். விலை உயர்ந்த பொருளுக்கு, அட்டைக்கு உரிய முகவரியும் கிடங்கும் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் நான் வங்கிப் பரிமாற்றம் கேட்கிறேன்.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து நிலவரத்தை எழுதியிருக்கிறார். அனுப்ப வேண்டாம் என்ற நம் பதிலை ஏற்று, "என் கணக்கில், கையெழுத்துச் சேவையோடு அனுப்புகிறேன், உங்கள் தள்ளுபடியால் மிச்சமாகும் தொகையை விலையில் குறைத்துக்கொள்கிறேன்" என்று அவர் எழுதினாராம். வாங்குபவருக்கு ஒரு காசும் நட்டம் இல்லை. வந்த பதில், "அப்படியானால் வாங்கவில்லை, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். பேபால் கணக்கில் ஏதோ சிக்கல் இருப்பதால் கீழே உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்பது.

அந்த வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பேபாலில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலேயே உள்ள பணத்தைத் திருப்பும் வசதியின் வழியாக மட்டும் முழுத் தொகையையும் திருப்பிவிடுங்கள். தனியாக வேறொரு கணக்குக்கு அனுப்பினால் முதல் பரிவர்த்தனை அப்படியே திறந்திருக்கும். அவரோ, அட்டையின் உண்மையான சொந்தக்காரரோ, அதையும் திரும்பக் கேட்கலாம், நீங்கள் இரண்டு முறை செலுத்த நேரிடும். திருப்பியதற்கான பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் தந்த கூரியர் கணக்கு எண்ணைக் கூரியர் நிறுவனத்தின் மோசடிப் பிரிவுக்கும், வங்கிக் கணக்கு விவரத்தைப் பேபாலுக்கும் அனுப்புங்கள். அந்த எண் வேறு யாரோ ஒரு நிறுவனத்துடையதாக இருந்தால், மாத இறுதியில் வரப்போகும் பில்லைப் பார்த்துத் திகைப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கருவியின் விற்பனை அறிவிப்பைத் திரும்பப் போடும்போது, அனுப்பும் கட்டணத்தை உங்கள் கணக்கின்படி கணக்கிட்டு முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.